பச்சைக் காரின் இரைச்சலடக்கி

பழைய கார்ப் போட்டியில் செல்லக்கனி டீச்சர் அரை மதிப்பெண்ணில் முதல் பரிசைக் கோட்டைவிட்ட வருஷத்தில்தான், தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய மணற்பள்ளித் தெருவில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை ஒருவருக்கும் ஒரு கவலையும் இல்லாமல் போனது. இது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதை என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். முடிச்சு இருந்தது, அதைப் போட்டவன் கஸ்பார்.

கஸ்பார் கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். அதற்கு முன்னால் கயிறு பிடித்தவன். சங்கு குளிக்கப் போகிறவன் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலுக்குள் இறங்கினால், அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் உட்காருகிறவன் அவனுடைய பெண்சாதியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் சட்டம். அவனோடு கூடப்பிறந்தவன் சொத்தை நினைப்பான், சிநேகிதன் பராக்குப் பார்ப்பான், மச்சான் ஒருவன்தான் தங்கச்சி தாலியை நினைத்துக்கொண்டு கயிற்றைப் பிடிப்பான் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்கள். கீழே இருப்பவன் அவ்வப்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான், நான் நன்றாக இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். கயிறு அசைந்ததும் மேலே இருப்பவன் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவான். முன்னூறு எண்ணி முடிவதற்குள் கயிறு மறுபடி அசையாவிட்டால், ஏன் எதற்கு என்று யோசிக்காமல் இழுத்துவிட வேண்டும்.

தங்கை செல்சியாவின் புருஷன் பெஸ்கிக்குக் கஸ்பார் ஆறு வருஷம் கயிறு பிடித்தான். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட முன்னூறைத் தொட வேண்டி வந்ததில்லை, ஆனாலும் இருநூற்று ஐம்பதைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் செல்சியா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனாள். கடைசியில் தாங்க முடியாமல் கயிற்றைத் தம்பி மில்ட்டன் கையில் கொடுத்துவிட்டுக் கரையேறி, கார் ஷெட் வைத்தான். அவன் கடலை விட்டானே தவிர எண்ணிக்கை அவனை விடவில்லை. சாப்பிடும்போது எண்ணினான், வயரை உரிக்கும்போது எண்ணினான், பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது நூற்றுப் பதினேழில் இருந்தான். அவன் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு, "இப்ப எத்தனையில நிக்கிய?" என்று கேட்பாள். முதலில் கேலியாகத்தான் கேட்டாள், பிறகு நிஜமாகவே கேட்டாள்.

செல்லக்கனி டீச்சர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுக ஏலத்தில் ஒரு பச்சைநிறச் சீமைக் காரை எடுத்தார். அதற்கு எழுபது வயது, கம்பெனிப் பெயரில் இரண்டு எழுத்து போக மீதி உதிர்ந்துவிட்டது, ஆனால் டாஷ்போர்டில் அதனுடைய சொந்த ரேடியோ அப்படியே இருந்தது. அந்தக் காலத்துக் காரில் ரேடியோ கேட்பது லேசான காரியமில்லை. இன்ஜினில் பொறி அடிக்கும்போதெல்லாம் பாட்டுக்கு நடுவே டிக் டிக் என்று ஒரு இரைச்சல் விழும். அதை விழுங்குவதற்கென்று கம்பெனிக்காரன் காயிலிலும் டிஸ்டிரிபியூட்டரிலும் பிளக்குகளிலும் டைனமோவிலும் ஆளுக்கொரு சின்ன உருப்படியை மாட்டி அனுப்புவான். மெக்கானிக்குகள் அதைச் சப்பரசர் என்பார்கள். டீச்சர் மட்டும் இரைச்சலடக்கி என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த நான்கும் எந்தக் காலத்திலோ கழற்றி எறியப்பட்டிருந்தன. போட்டி நடத்திய நடுவர் பானட்டைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று சொல்லி அரை மதிப்பெண்ணைக் குறைத்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைத்த கைக்கு அந்த வலி அன்றைக்குத்தான் தெரிந்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

டீச்சர் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு காயில் வந்தது, பெங்களூரிலிருந்து பருத்தி நூல் சுற்றிய வயர் வந்தது, கொழும்பிலிருந்து மிட்டாய் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, அடியில் நம்பர் பொறித்த காயில் கண்டன்சர், அதாவது காயிலுக்கான இரைச்சலடக்கி, வந்தது. அதோடு, பழைய புத்தகம் ஒன்றிலிருந்து நடுவரே கிழித்துக் கொடுத்த ஒரு படமும் டீச்சரிடம் இருந்தது. அந்தக் காரின் இன்ஜின் கம்பெனியைவிட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி.

கஸ்பார் படத்தைப் பார்த்தான், காயிலைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"டீச்சர், இது போடக்கூடாத பக்கம். காயில்ல ரெண்டு முனை இருக்கு. கரண்டு வார முனையிலதான் இதைக் கொடுக்கணும். பாயின்ட்டுக்குப் போற முனையில கொடுத்தா பொறி செத்துப்போவும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"நடுவருக்குத் தெரியாதா கஸ்பார்?"

"அதில்ல டீச்சர். படத்துல ஸ்டியரிங்கு இடது பக்கம் இருக்கு பாருங்க."

"அது வெளிநாட்டு மாடலா இருக்கும். நீ படத்துல உள்ளபடி மாட்டு. எனக்கு அந்த அரை மார்க்கு வேணும்."

வயர்க்காரன் மூளை வேறு, கணக்கு டீச்சர் வாக்கு வேறு. எட்டாம் வகுப்பில் அவரிடம் பிரம்படி வாங்கியவன் என்ற முறையில் கஸ்பார் வாக்குக்கே கட்டுப்பட்டான். பாயின்ட் பக்கம் மாட்டினான். வண்டி கிளம்பியது, ஆனால் பொறி நொண்டியது. ஆக்சிலேட்டரில் ஒருவர் காலை வைத்துக்கொண்டே இருந்தால்தான் அணையாமல் ஓடும் என்ற நிலைமை.

அன்று காலை பத்து மணிக்கு அவன் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, தெரு அமைதியானது. சத்தம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. காக்கை கத்தியது, மீன்காரி கூவினாள், எதிர்வீட்டு மிக்சி ஓடியது. மனிதர்களுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்ததுதான் நின்றது. குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மகனுக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று நான்கு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மளிகைக்கடை அண்ணாச்சி, பல்லைத் தளர்த்தி, தன் கடையில் தானே ஒரு கடலைமிட்டாய் எடுத்துத் தின்றார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டீச்சருக்கே அரை மதிப்பெண் மறந்துபோய், வேப்பமரத்தில் எத்தனை இலை இருக்கும் என்று சும்மா எண்ணத் தோன்றியது. பன்னிரண்டு மணிக்கு ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்தது, கஸ்பார் சாவியைத் திருப்பினான். கரண்டு வந்தவுடன் எல்லா வீட்டு மின்விசிறியும் ஒரே நேரத்தில் சுற்றுவதுபோல எல்லோருக்கும் எல்லாக் கவலையும் திரும்பி வந்தது.

வண்டிக்குள் இருந்தவனுக்கு மட்டும் அந்த அமைதி கிடைக்கவில்லை. தெரு விட்ட இரைச்சல் எல்லாம் ரேடியோவில் வந்து விழுந்தது. கேஸை அணைத்தேனா, அவன் ஏன் போனை எடுக்க மாட்டேங்கான், கால் வீங்குதே சர்க்கரையாக இருக்குமோ, அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாளா என்னைப் பற்றிச் சிரித்தாளா, கடவுளே கடவுளே கடவுளே. அவரவர் குரலில், ஒன்றின்மேல் ஒன்றாக, சந்தைக்கு நடுவே நிற்கிறதுபோல. குமிழைத் திருகிப் பார்த்தான். ஸ்டேஷன் மாறியதே தவிர அது குறையவில்லை.

மணற்பள்ளித் தெரு அதிசயத்துக்குப் பழக்கப்பட்ட தெருவல்ல, ஆனால் வசதிக்குப் பழகிக்கொள்ள அதற்கு மூன்று நாள் போதும். முதல் நாள் என்ன என்று கேட்டார்கள், இரண்டாம் நாள் எப்போது என்று கேட்டார்கள், மூன்றாம் நாள் ஏன் பத்து நிமிஷம் லேட் என்று கேட்டார்கள். நாலாம் நாள் ஊர்க்கமிட்டித் தலைவர் மோத்தா வீடு வீடாகப் போய், நவநாள் உபயத்துக்குப் பெயர் எழுதுவதுபோல, தினம் ஒரு வீடு ஒரு கேன் பெட்ரோல் என்று பட்டியல் எழுதி வந்தார். டீச்சர் வீட்டுச் சுவரில் அட்டை தொங்கியது. இன்றைய உபயம்: இன்னார் குடும்பத்தார். பானட்டுக்கு மாலை போட வந்தவர்களை மட்டும் டீச்சர் விரட்டினார். மாலை ஈரம் பட்டால் ஒரிஜினல் பெயின்ட் உரிந்துவிடும், அதற்கும் மதிப்பெண் உண்டு.

பெண் பார்க்க வருகிறவர்களைப் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். மாமியாரும் மருமகளும் பேசவேண்டியதைப் பத்துக்கு மேல் பேசி முடித்தார்கள், அல்லது பத்துக்கு மேல் அதைப் பேசவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சண்டைக்காரர்கள் ஒன்பதே முக்காலுக்குள் அடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி கடையில் தலைவலித் தைலம் அப்படியே நின்றது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு யாரும் வருவதில்லை என்று கண்டு சாமியார் அதைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். கடவுளிடமிருந்து வந்ததா மற்றவனிடமிருந்து வந்ததா என்று பிரசங்கத்தில் கேள்வி எழுப்பியவர், பதிலை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டு, பத்து மணிக்குத் தவறாமல் டீச்சர் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். கெட்டதும் நடக்காமலில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வர இரண்டு தாய்மார் மறந்தார்கள். உப்பளத்தில் மழை வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், குவித்த உப்பை ஓலை போட்டு மூடத் தோன்றவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள், மறுநாள் பத்து மணிக்கு அழுததையும் மறந்தார்கள். மற்ற இருபத்திரண்டு மணி நேரமும் தெரு முன்னைவிடப் பரபரப்பாக இருந்தது. நிலைகொள்ளாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், "பத்து மணி ஆகட்டும், பத்து மணி ஆகட்டும்" என்று பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

ஒவ்வொரு உருப்படியாக வந்து சேரச் சேர அமைதியின் எல்லை விரிந்தது. காயிலுக்கு ஒன்று மாட்டியபோது தெரு மட்டும். டிஸ்டிரிபியூட்டருக்கு வந்ததை மாட்டிய நாளில் கோயில் வரைக்கும். நான்கு பிளக் மூடிகளும் வந்தபோது மீன் ஏலக்கூடம் வரைக்கும். அங்கே பெண்கள் பேரம் பேச மறந்தார்கள், அதைக் கண்டுகொண்ட வெளியூர் வியாபாரிகள் பத்து மணிக்கு லாரியோடு வந்து நின்றார்கள். கடைசியாக டைனமோவுக்கான கண்டன்சர் வந்தது. அதற்குப் பிறகு எல்லை எங்கே போய் முடிகிறது என்று யாரும் நடந்துபோய்ப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கடல்.

அந்த வாரம் சங்கு குளித்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் கடல் நன்றாக இருக்கிறது என்றார்கள். மில்ட்டன் அண்ணனைப் பார்த்து, "நேத்து கயிற புடிச்சிக்கிட்டே வானத்தப் பாத்தேன்ணே. என்ன அழகா இருக்குங்கிய. இத்தன நாளா நாம பாக்கவே இல்லையே" என்றான். தம்பிக்காவது இந்த வேலை பழகிவிட்டதே என்று கஸ்பாருக்குச் சந்தோஷமாக இருந்தது; கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அதே வாரம்தான் ரேடியோவில் எண்ணிக்கை கேட்கத் தொடங்கியது. எல்லாக் குரலுக்கும் அடியில், மெதுவாக, நிற்காமல் ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தான். இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பதினொன்று. பிறகு ஒன்று, இரண்டு. கஸ்பார் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டான். ஊரார் இரைச்சல் எல்லாம் வருகிறது, என் இரைச்சலும் வந்துவிட்டது என்று நினைத்தான். அது அவன் குரலைப் போலவே இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் குரல் அப்படித்தான் இருக்கும். கயிறு பிடித்தவனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். எண்ணிக்கை என்றால் அது தன்னுடையதுதான் என்று நினைக்கிற அளவுக்கு அவன் அதற்குள்ளேயே குடியிருந்தான். உள்ளே இருக்கிறவனின் இரைச்சலை அந்த வண்டி எடுப்பதில்லை என்பது இரண்டு மாதமாக அவனுக்குத் தெரிந்த விஷயம், ஆனாலும் அவனுக்கு உறைக்கவில்லை.

அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வண்டிக்கு வெளியே நிற்க வேண்டும். செல்சியாவைப் பார்க்கும்போது அந்த ஆசை இன்னும் கூடியது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் கடலில் இருக்கிற நேரம் பகலில் கண் மூடாதவள், இப்போது பத்து மணிக்குப் பாயை விரித்துக் குழந்தையைப்போலத் தூங்கினாள். ஊருக்கே சோறு போடுகிறேன், எனக்கு ஒரு கவளம் கிடையாதா என்று அவன் மனது குமைந்தது. வியாழக்கிழமை காலையில் கேட்டேவிட்டான்.

"டீச்சர், இன்னைக்கு ஒரு நாள் நீங்க உள்ள உக்காருங்க. ஆக்சிலேட்டர்ல கால வச்சிக்கிட்டு இருந்தாப் போதும்."

"ரேடியோவில ஏதோ சத்தம் வரும்னியே?"

"வரும். காது கொடுக்காதிய."

செல்லக்கனி டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கஸ்பார் பத்தடி தள்ளிப்போய் வேப்பமரத்தில் சாய்ந்தான்.

எண்ணிக்கை நின்றது. ஆறு வருஷக் கடலிலும் ஐந்து வருஷக் கரையிலும் நிற்காதது, குழாயை மூடியதுபோல நின்றது. அவன் அழவில்லை, சிரிக்கவுமில்லை. யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். டீயில் இஞ்சி போட்டிருந்தது அவனுக்குத் தெரிந்தது. ஒரு ஆடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது, அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே டீச்சர் காது கொடுக்காமலிருக்க முயன்றார். மற்றக் குரல்களை விலக்கிவிடலாம், ஆனால் எண்கள் காதில் விழுந்தால் கணக்கு டீச்சரால் விட முடியாது. இரண்டு பேர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரிக் குரல், ஆனால் இரண்டு பேர். ஒருவன் முன்னூறு வந்ததும் பழக்கம்போல ஒன்றுக்குத் திரும்பினான். இன்னொருவன் சில சமயம் நூற்றெண்பதில், சில சமயம் இருநூற்று எழுபதில் ஒன்றுக்குத் திரும்பினான், அவனுக்கு ஒழுங்கில்லை. ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்று இருபதுக்கு அந்த ஒழுங்கில்லாதவன் முன்னூறைத் தாண்டினான். நிற்காமல் போனான்.

டீச்சர் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"கஸ்பார், உள்ள ரெண்டு பேர் எண்ணுதாங்க. ஒண்ணு நீ. இன்னொண்ணு யாரு?"

"ரெண்டு பேரா? அப்ப மில்ட்டனா இருக்கும் டீச்சர்" என்றான் கஸ்பார். டீயை ஒரு வாய் உறிஞ்சினான்.

"அவன் முன்னூறைத் தாண்டிட்டானே. முன்னூற்று நாப்பது. நாப்பத்தொண்ணு."

"தாண்டக்கூடாது."

"தாண்டினா?"

"கயிற இழுக்கணும் டீச்சர். இல்லாட்டி உள்ள இருக்கவன் போயிருவான்." அதைச் சொல்லும்போது அவன் முகம் அவ்வளவு சாந்தமாக இருந்தது. "எங்க மாப்ள பெஸ்கி" என்று சேர்த்துக்கொண்டான், யாரோ கேட்ட முகவரியைச் சொல்வதுபோல.

செல்லக்கனி டீச்சர் அவனைப் பார்த்தார், மரத்தடியில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்த சாமியாரைப் பார்த்தார், தெருவில் ஒருவர் முகத்திலும் பயமில்லாததைப் பார்த்தார். அந்தத் தெருவிலேயே பயப்படக்கூடியவர் அப்போது அவர் ஒருவர்தான். அவர் பயந்தார். சாவியைத் திருப்பினார்.

டீ டம்ளர் கீழே விழுந்தது. கஸ்பாருக்குள் எண்ணிக்கை ஒன்றிலிருந்து வரவில்லை, முன்னூற்று ஐம்பதிலிருந்து வந்தது. அவன் ஓடினான். கடற்கரை வரைக்கும் ஓடி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, எட்டு மைல் தள்ளி எங்கோ இருக்கிற வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, கையில் இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தான். செல்சியா தூக்கத்திலிருந்து எழுந்து தலைமுடியை முடியாமல் ஓடிவந்து அவன் பக்கத்தில் நின்றாள். என்ன என்று கேட்கவில்லை. அவன் கைகள் போகிற போக்கைப் பார்த்தாலே அந்தத் தெருப் பெண்ணுக்குப் புரியும்.

தெருவில் மற்றவர்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "பன்னெண்டு வரைக்கும்லா என் உபயம். கேன்ல இன்னும் பாதி கெடக்கு" என்று ஒருவர் டீச்சரிடம் சண்டைக்கு வந்தார். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் கரைக்கு வந்தார்கள். இரண்டு மணிவரை ஒருவரும் உட்காரவில்லை.

வள்ளம் வந்தபோது மில்ட்டன் முன்பக்க அணியத்தில் நின்றான், அவன் முகம் வெளிறியிருந்தது. பெஸ்கி பலகையில் சாய்ந்திருந்தான். மூக்கிலும் காதிலும் ரத்தம் காய்ந்திருந்தது, உதடு நீலமாக இருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. செல்சியா தண்ணீருக்குள் நடந்துபோய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், மீன் வாங்குகிறவள் செவுளைப் பார்ப்பதுபோல. உயிர் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் அறைந்தாள். யாரை அறைவது என்று தெரியாமல் அவனையே அறைந்தாள்.

"தண்ணி டிரம் உருண்டு காத்துக்குழா மேல கெடந்துச்சுண்ணே" என்றான் மில்ட்டன். "நான் பாத்தேன். குழா நசுங்கிக் கெடக்கிறதப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஒண்ணும் தோணலண்ணே. எனக்கு ஒண்ணுமே தோணல. பொறவு திடீர்னு எல்லாம் மொத்தமா வந்து விழுந்துச்சு. இழுத்தேன்." தன் கைகளை விரித்துக் காட்டினான். கயிறு அறுத்த இரண்டு கோடு இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது.

மறுநாள் காலை கஸ்பார் பானட்டைத் திறந்து, அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தான். ஸ்டியரிங் இடது பக்கம். நம்பர் பலகையின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது, அதிலிருந்த எழுத்துக்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தன. அச்சடித்தவன் படத்தை இடம் வலமாக மாற்றிப் போட்டிருக்கிறான். கஸ்பார் திருப்புளியை எடுத்து கண்டன்சரின் வயரைப் பாயின்ட் முனையிலிருந்து கழற்றி, கரண்டு வருகிற முனையில் மாட்டினான். நான்கு விரற்கடை தூரம். வண்டியைக் கிளப்பினான், பொறி நொண்டவில்லை. ரேடியோவில் ஒரு பாட்டு டிக் என்ற சத்தம்கூட இல்லாமல் வந்தது. தெருவில் அவரவர் கவலை அவரவரிடமே இருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மோத்தா நாலு பேரோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஆள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தார்.

"குளிக்கப் போகாத நாளாப் பாத்து, ஞாயித்துக்கிழமை மட்டும், ஒரே ஒரு மணி நேரம்" என்றார். "ஒரு வள்ளமும் கடல்ல இருக்காது. அந்த ஒரு வயர மட்டும் மாத்திக் குடுத்தாப் போதும் கஸ்பார்."

கஸ்பார் சரி என்றே சொல்லியிருப்பான். உண்மை அதுதான். இஞ்சி டீயின் ருசி அவன் நாக்கிலேயே நின்றது. அந்த ஒரு மணி நேரம் இருபது நிமிஷத்தை அவன் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் டீச்சரைப் பார்த்தான், டீச்சர் தரையைப் பார்த்தார். பதில் வாசலில் நின்ற செல்சியாவிடமிருந்து வந்தது.

"பதினொண்ணு இருவதுக்கு நான் நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தேன் மாமா. பொறந்ததுல இருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்ல. எம் புருசன் மூச்சில்லாம கெடந்த நேரம் அது. எனக்கு ஒரு கெட்ட சொப்பனம்கூட வரல. ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் குடுப்பிய. பொறவு திங்கக்கிழமையும் கேப்பிய. நானே மொத ஆளா வந்து கேப்பேன். வேண்டாம்."

டீ வந்தது, குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அடுத்த வருஷப் போட்டிக்கு டீச்சர் காரை எடுத்துக்கொண்டு போனார். நடுவர் பானட்டைத் திறந்து டார்ச் அடித்து, காயில் கண்டன்சர் படத்தில் இருக்கும் பக்கத்தில் இல்லை என்று அரை மதிப்பெண்ணைக் குறைத்தார். படம்தான் தப்பு என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். படத்தில் இருப்பதுதான் ஒரிஜினல் என்றார் அவர். ஊருக்கு வந்து டீச்சர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் நடுவருக்கு எட்டுப் பக்கத்தில் கடிதம் எழுதினார். வயரை மாற்றச் சொல்லிக் கஸ்பாரிடம் மட்டும் கேட்கவேயில்லை.

கேட்டாலும் அவன் ஷெட்டில் இல்லை. ஷெட்டில் இப்போது மில்ட்டன் வயர் உரிக்கிறான். கயிற்றைக் கண்டால் அவன் உள்ளங்கை எரிகிறது. காது ஆறியதும் பெஸ்கி மறுபடி கடலுக்குக் கிளம்பினான், சங்குக்காரனுக்கு வேறு வேலை தெரியாது. வள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கஸ்பார் உட்கார்ந்தான். முந்திய இரவு அவன் மனைவி ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டாள். செல்சியா மட்டும் விடியற்காலையில் கரைவரைக்கும் வந்து, "பத்து மணிக்கு நானும் எண்ணுவேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியது. வானம் அழகாகத்தான் இருந்தது, அவன் அதைப் பார்க்கவில்லை. தண்ணீர் டிரம்மைப் பார்த்தான், காற்றுக்குழாயைப் பார்த்தான், மறுபடி டிரம்மைப் பார்த்தான். இருநூற்று ஐம்பதைத் தாண்டியதும் பழையபடி தங்கச்சி வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். இந்தத் தடவை அவன் அவளைப் போகச் சொல்லவில்லை. இருநூற்று எண்பத்தேழில் கயிறு அசைந்தது. கஸ்பார் ஒன்று என்று தொடங்கினான்.